காலமை என்ன சாப்பிட்டனியள்?

2025 மார்ச் 4, செவ்வாய்

இண்டைக்கு டொக்டர் வந்த நாள், வயசுக்கு நான் பிள்ளை எண்டு கூப்பிடுற பொம்பிளை. செவ்வாயும் வெள்ளியும்தான் இந்தச் சிறை மறியலுக்கு வருவா. மற்ற நாளிலை மானிப்பாயிலை தன்ரை சின்ன டிஸ்பென்சரி. குடும்ப டொக்டராம். இஞ்சை நூற்றி நாற்பது ஆம்பிளையள். "நீங்கள் எல்லாரும் சேர்ந்தால் எனக்கு ஒரு குடும்பம்தானே அப்பு" எண்டா. இந்தக் குடும்பத்திலை ஆர் பெண் எடுப்பான் பிள்ளை எண்டு கேட்டன். சிரிச்சா.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆருக்கு எந்தக் குளிசை, எத்தினை, எப்ப — எல்லாம் தலைக்குள்ளை. பிள்ளை ஒருக்காச் சொன்னால் காணும். அதாலைதான் மருந்தறை வேலை எனக்கு. இந்தக் கொப்பியை நான் சொல்லச் சொல்லப் பக்கத்துப் பாய்ச் சந்தியோகு எழுதுறான். குருநகரான், கடற்தொழில். எட்டு வருசமாய்ச் சீனி வருத்தம், நீரிழிவு.

பிள்ளை ஆரிட்டையும் "சாப்பிட்டியளோ" எண்டு கேக்கிறேல்லை. மறியலிலை இருக்கிறவன் எதைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவான். "காலமை என்ன சாப்பிட்டனியள்?" எண்டுதான் கேப்பா.

மார்ச் 7, வெள்ளி

சந்தியோகு காலமைப் பாணைத் தொடேல்லை. தவக்காலம் தொடங்கிட்டுதாம். மகள் ஜெயனிக்கு அடுத்த மாதம் பிள்ளை கிடைக்க இருக்கு. முந்தினது வயித்துக்குள்ளையே போனது. இதாவது தங்கவேணுமெண்டு நேத்திக்கடன். பெரிய வெள்ளி வரும்வரை, வெள்ளிக்கு வெள்ளி, யேசு உயிர்விட்ட மூண்டு மணி வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லிலை படாது.

"அப்ப குளிசையை விடு" எண்டன். வெறும் வயித்திலை அது ஆளை விழுத்தும் எண்டு பிள்ளை எத்தினை தரம் சொல்லியிருக்கிறா.

"விட்டால் சீனி ஏறும் அண்ணை. பிள்ளை விரலிலை குத்திப் பிடிச்சிடுவா. விரதத்தை விடு எண்டுவா." குளிசையை எச்சிலோடை விழுங்கினான்.

பிள்ளை வந்து வழக்கம்போலை கேட்டா. "பாணும் பருப்பும் டொக்டர்" எண்டான். முகத்திலை ஒரு அசைவு இல்லை. பிள்ளை என்னைப் பாத்தா. நான் போத்தலைத் துடைச்சன்.

இதை எழுதமாட்டன் எண்டு சந்தியோகு நிக்கிறான். எழுது எண்டு நான் நிக்கிறன். வாயாலை ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு என்னட்டைப் பிள்ளையாராணை சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் எழுதுறான்.

மார்ச் 21

பிள்ளை குத்திப் பாத்தா. சீனி குறைஞ்சிட்டுதெண்டு அவவுக்குப் பெரிய சந்தோசம். "வாயைக் கட்டியிருக்கிறியள் போலை." "ஓம் டொக்டர், நல்லாய்." வெளியிலை வந்து என்ரை விலாவிலை இடிச்சுச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

மார்ச் 28

கை நடுங்குது, எழுத்துக் கோணலாய்ப் போகுதெண்டு இவனே சொல்லுறான். மத்தியானம் முழுக்க வேர்வை. மூண்டு அடிக்கப் பிளேன்ரீக்குள்ளை சீனியை அள்ளிப் போட்டுக் குடிச்சாப் பிறகுதான் மனிசன்.

என்ரை மனிசி கந்தசட்டி ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான். விரதம் குழப்பிறவனுக்குத்தான் பாவம் எண்டுவாள். செத்து ஒன்பது வருசம், சொன்ன குரல் அப்பிடியே நிக்குது.

சொல்லட்டோ? விடட்டோ?

ஏப்ரல் 11

எழுவது கடந்த ஆக்களை வெசாக் பெருநாளுக்கு மன்னிச்சு விடுற லிஸ்ற்றிலை என்ரை பேரும் இருக்காம். ஒரு முறைப்பாடும் இருக்கக்கூடாதாம். எல்லைவேலிச் சண்டையிலை ஒருத்தனை வெட்டிப்போட்டு வந்தனான். பதினொரு வருசம்.

ஏப்ரல் 22

இனிக் கஜானன் எழுதுறான். வான் ஓட்டினவன். எழுத்துப் பெரிசு. கொப்பி கெதியாய் முடியும்.

சந்தியோகு செத்துப்போனான்.

பெரிய வெள்ளி, லீவு நாள். பிள்ளை வரேல்லை. காலமை குளிசையை நான்தான் குடுத்தனான். என்ரை கையாலை. பத்து மணிபோலை சுவரோடை சரிஞ்சான். சீனியை அள்ளிக்கொண்டு ஓடினன். வாயைத் திறவடா எண்டன்.

"மூண்டு மணிக்கு அண்ணை" எண்டு பல்லைக் கடிச்சான்.

அமத்திப் பிடிச்சு வாய்க்குள்ளை தீத்தியிருக்கலாம். அவனுக்கு அப்ப என்ன பெலன்? நான் நிண்டன். சீனி உள்ளங்கையிலை பிசுபிசுத்துது. பிறகு அவனுக்குப் பேச்சில்லை. வாகனம் இல்லை, கூடப்போகக் காவலர் இல்லை, லீவு. ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரேக்கை ஒண்டரை.

மூண்டு மணிக்கு முன்னமே முடிஞ்சுதாம்.

ஏப்ரல் 25

விசாரணைக்கு வெளியிலையிருந்து மூண்டு பேர். "அந்தாள் சாப்பிடாமல் இருந்தது உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது ஐயா."

பிள்ளை பக்கத்திலைதான் இருந்தா. "நான் வாற ஒவ்வொரு நாளும் கேட்டனான், பாணும் பருப்பும் எண்டவர்" எண்டா. சாட்சி ஆர் எண்டினம். நான் நிலத்தைப் பாத்தன். நல்ல சீமெந்து, ஒரு வெடிப்பில்லை.

கஜானன் கொப்பியைப் பின்னுக்குத் திருப்பி வாசிச்சிட்டான். "அப்பு, அவன்ரை கையெழுத்திலையே கிடக்கு. இது ஐயாமாரிட்டைப் போனால் டொக்டர் தப்புவா. உங்கடை பேர் வெட்டுப்படும்."

"தெரியும். மூடு."

ஏப்ரல் 26

சத்தியம் காத்தனான் எண்டு எனக்கே சொல்லிப் பாத்தன். செத்தவனுக்கு என்ன சத்தியம்?

மே 2

பிள்ளையை இனி வரவேண்டாம் எண்டிட்டினம். பையை எடுக்க வந்தவ. "அப்பு, பிறசர்க் குளிசையை விட்டிடாதேங்கோ" எண்டா. பையைத் தூக்கிக்கொண்டு போட்டா.

ஜெயனிக்குப் பொம்பிளைப் பிள்ளை. தாயும் சேயும் சுகமாம். காவலர் ஒருத்தர் சொன்னார். நேத்தி பலிச்சிட்டுது சந்தியோகு.

மே 12

வெசாக். விட்டினம்.

மே 20, மானிப்பாய்

இதை எழுதுறது டொக்டர் பிள்ளை. நான் சொல்ல எழுதுறா.

காலமை முதல் பஸ்ஸிலை வந்து, தடிமன் காய்ச்சல்காரரோடை டிஸ்பென்சரி வாங்குப் பலகையிலை இருந்தன். கடைசியாய்த்தான் உள்ளை போனன். கொப்பியை மேசையிலை வைச்சு, மார்ச் ஏழாந் திகதியைப் பாருங்கோ எண்டன். வாசிச்சா. பிறகு எல்லாப் பக்கமும் வாசிச்சா.

"விசாரணை நேரம் இது உங்களிட்டை இருந்ததோ?"

"ஓம் பிள்ளை. தலாணிக்குக் கீழை."

இனி எங்கை வேணுமெண்டாலும் கொண்டுபோய்க் காட்டுங்கோ, திரும்பப் பிடிச்சு அடைச்சாலும் சரி எண்டன். அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. துடைச்சுக்கொண்டே இருந்தா. எனக்கு எழுதத் தெரியாது, இதை முடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டன். பேனையை எடுத்தா.

இவ்வளவும் எழுதிப்போட்டு, தலையை நிமித்தாமல் கேட்டா: "காலமை என்ன சாப்பிட்டனியள்?"

ஒண்டுமில்லை எண்டன்.

அதையும் எழுதுங்கோ எண்டன்.