பத்து நிமிட வேகம்

பாளையங்கோட்டை,
மார்ச் 22.

அன்புள்ள அத்தானுக்கு,

டெபோரா எழுதுவது. நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. பெங்களூரில் நம் மகள் ரீபாவும் சுகம். மேலப்பாளையம் முகம்மது மைதீன் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை ஓமனுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் இரண்டு கட்டு அப்பளத்தையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு அப்பளத்தைப் பொரியுங்கள்.

ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம், பிறகு கடிதம் எதற்கு என்று தோன்றும். இது பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. மேலும் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். தவறை முகத்துக்கு நேரே சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். போன ஞாயிறு நீங்கள் போனை இடது கையில் பிடித்திருந்ததையும் பார்த்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் மேலாண்மைத் துறையில் இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒரு தொழிற்கூடத்துக்குப் போய், ஸ்டாப் வாட்ச் வைத்து வேலையை அளந்து, ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு செய்யலாம் என்று அறிக்கை எழுத வேண்டும். அதோடு தொழிலாளர் வரலாறு பற்றியும் ஓர் அத்தியாயம் வேண்டும் என்று சேர்த்தவள் நான். கடிகாரத்தோடு ஒருவன் எதிரே வந்து நின்றால் தொழிலாளி வேண்டுமென்றே கையை மெதுவாக்குவான். இன்று காட்டுகிற வேகம் நாளை கட்டாயமாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். நூறு வருட வரலாறு இது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

இந்த வருடம் கலைச்செல்வி என்ற கல்லிடைக்குறிச்சிப் பிள்ளை அப்பளக் கம்பெனியை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா சுடலைவடிவு அங்கே பதினெட்டு வருடமாக அப்பளம் இடுகிறார். முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சி தாராளமாக அனுமதி கொடுத்தார். ஜனவரியில் அவள் பத்துப் பெண்களை ஆளுக்குப் பத்து நிமிடம் அளந்தாள். சராசரி இருபத்திரண்டு அப்பளம். என்னிடம் கொண்டுவந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்துக் கையை மெதுவாக்கியிருப்பார்கள், உண்மையான வேகம் இதைவிட அதிகம், பத்து சதவீதம் கூட்டிக்கொள் என்றேன். கூட்டினாள். ஓய்வுக்குக் கழித்தது போக நாளொன்றுக்கு எண்ணூறு அப்பளம் என்று வந்தது. தொண்ணூற்றாறு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். வழக்கப்படி கம்பெனிக்கு ஒரு பிரதி போயிற்று.

பிப்ரவரி நடுவில் கலைச்செல்வி நாலு நாள் வகுப்புக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் நூலகத்தில் பிடித்துக் கேட்டேன். “அம்மாவால தல வார கையத் தூக்க முடியல மேடம். நாந்தான் வாரி விடுதேன்” என்றாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அதுவரை அங்கே நாளுக்கு ஐநூறு அப்பளம்தான் கணக்கு. இப்போது கம்பெனிப் பலகையில் எண்ணூறு என்று எழுதி, கீழே எங்கள் கல்லூரி ஆய்வின்படி என்றும் போட்டிருக்கிறார்களாம். எட்டாவிட்டால் அரை நாள் கூலிதான். சுடலைவடிவு உயிரைக் கொடுத்து அறுநூற்று நாற்பது வரை வந்திருக்கிறார். பதினெட்டு வருட வேலைக்காரர் தினம் தினம் அரை நாள் ஆளாகிவிட்டார்.

அடுத்த நாளே கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். ஐநூறு இடுகிறவர்கள் அன்றைக்கு எப்படி அந்த வேகத்தில் இட்டீர்கள் என்று கேட்டேன். “எம் மவ கையில கடியாரத்த வச்சிக்கிட்டு நிக்கா. நாங்க பைய இட்டா அவளுக்குல்லா டீச்சர் மார்க்கு குறையும்? எளா, பிள்ளைக்கு நூத்துக்கு நூறு விழணும், கையப் பறக்க விடுங்கன்னு நாந்தான் சொன்னேன்” என்றார் சுடலைவடிவு. பக்கத்தில் இருந்த பெண் கை நிற்காமலே சொன்னார்: “விழுந்துச்சுல்லா? ஓம் மவளுக்கு மார்க்கு, எங்களுக்குத் தோள்பட்ட!” எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்டேன். “பன்னெண்டு, மிஞ்சினா பதிமூணு. நாளு பூரா இருக்கணும்லா டீச்சர்?” என்றார் சுடலைவடிவு. இந்த ஒரு கேள்வியை ஜனவரியில் நான் கேட்கவில்லை. யாரையும் எளிதில் நம்புவதில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அவர்களோ தங்கள் பிள்ளைக்காகத் தோளைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவர்கள் ஏமாற்றுவதாக நினைத்து மேலே பத்து சதவீதம் வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் போய் அறிக்கை தவறு என்றேன். அவர் கோபப்படவில்லை. “ரிப்போர்ட்டு ஒங்க காலேஜு. அடியில கையெழுத்து ஒங்களுது. நானாம்மா கூட்டிப் போட்டேன்?” என்றார். நியாயம்தான். திரும்ப ஒரு நாள் முழுக்க அளந்து தருகிறேன் என்றேன். “அளங்க. ஆனா இனிமே அவளுவ பையத்தான் இடுவாளுவ. ரிப்போர்ட்டு ஆறாம் பக்கத்துல நீங்கதான எழுதிருக்கிய?” என்று சிரித்தார். நான் வருடா வருடம் நடத்துகிற பாடத்தை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

என்னை பஸ் ஏற்றிவிடக் கலைச்செல்வியும் நிறுத்தத்துக்கு வந்தாள். திடீரென்று அவள், “இனி ஆள அளக்க வேண்டாம் மேடம். அப்பளத்த அளப்போம்” என்றாள். அவசரமாக இட்டால் ஓரம் மெலிந்து நடு தடித்துவிடும், காயும்போது தெரியாது, எண்ணெயில் தெரியும் என்று விளக்கினாள். செய்வது என்றால் ஜனவரி அறிக்கையை நீ எல்லார் முன்னும் திரும்பப் பெற வேண்டியிருக்கும், மதிப்பெண் போகலாம் என்று எச்சரித்தேன். “போட்டும் மேடம்” என்றாள்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கல்லூரி அரங்கில் அறிக்கைகளை விளக்கிக் காட்டுகிற நாள். வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். தொழிற்கூட முதலாளிகள் முன்வரிசையில். கலைச்செல்வி ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், வாணலி, நல்ல எண்ணெயோடு மேடை ஏறினாள். மற்ற பிள்ளைகளெல்லாம் திரையில் படம் காட்டிக்கொண்டிருக்க, இவள் அடுப்புப் பற்றவைத்ததும் அரங்கில் ஒரே சிரிப்பு. அவள் முதலில் சொன்னது, “என் ஜனவரி அறிக்கை தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்” என்பது. சிரிப்பு நின்றது. பிறகு தான் கொண்டுவந்த இரண்டு அப்பளக் கட்டுகளிலிருந்தும் பொரித்து, கட்டுகளை மறைத்துவிட்டு, தட்டுகளை ஆவுடைநாயகம் அண்ணாச்சியிடம் கொண்டுபோனாள்.

முதல் தட்டில் அப்பளம் சீராகப் பொங்கிப் பொன் நிறமாக இருந்தது. ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டார். “இது நம்ம அப்பளம்லா! வாசமே சொல்லுதே” என்று பக்கத்தில் இருந்தவருக்கும் கொடுத்தார். இரண்டாம் தட்டில் ஓரம் கருகி, நடுவில் மாவு வேகாமல் வெள்ளையாக நின்றது. ஒரு கடி கடித்துக் கீழே வைத்துவிட்டார். “ஏம்மா, எந்த ஊரு அப்பளம் இது? எம் முன்னால கொண்டாந்து வைக்கிய?” என்றார்.

கலைச்செல்வி இரண்டு கட்டையும் அவர் கையில் கொடுத்தாள். இரண்டிலும் அவர் கம்பெனிப் பெயர். ஒன்று டிசம்பர் தேதி, மற்றது மார்ச். இரண்டும் பாளையங்கோட்டைக் கடையில் வாங்கியவை. “ஐநூறு இட்டப்போ இட்டது அது, எண்ணூறுக்கு இட்டது இது அண்ணாச்சி. அன்னைக்கு நான் அளந்தது அவங்க வேகம் இல்ல. என் மேல உள்ள பிரியம்” என்றாள்.

அப்போது நான் எழுந்தேன். நான் சபையில் எழுந்து பேசுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பத்து சதவீதம் கூட்டச் சொன்னது நான், மாணவியின் பிழையைவிட என் சந்தேகம் பெரிய பிழை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டியது யார் என்று பார்க்கவில்லை. ஒருவர் இருவர் அல்ல என்பது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி தோள் துண்டாலேயே பலகையை அழித்து ஐநூறு என்று எழுதினாராம். முந்தின ஐந்து வாரத்து அரை நாட்களையும் முழு நாளாக்கிவிட்டார். கீழே கல்லூரிப் பெயரை அழிக்கப் போனபோது உள்ளேயிருந்து சுடலைவடிவு சத்தம் போட்டிருக்கிறார்: “அத அழிக்காதிய அண்ணாச்சி, இப்பத்தான் அது சரி!”

தேர்வாளர் முதல் அளவுப் பிழைக்கு ஐந்தைக் குறைத்துத் தொண்ணூற்றொன்று போட்டார். அதிலும் வகுப்பில் கலைச்செல்விதான் முதல். ஆனால் சுடலைவடிவு போன் போட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சு மார்க்கு எங்க டீச்சர் போச்சு? இதுக்கா அன்னைக்கு அந்தப் பாடு பட்டோம்?” இந்த வேலைக்கு வந்த நாள் முதல் எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்னதில்லை. இத்துடன் வருகிற இரண்டு கட்டும் அவர் கையால் இட்டவை, இந்த வாரம் இட்டவை.

இனி உங்களுக்கு. நாலு வருடமாக ஞாயிறுதோறும் பத்து நிமிடம் நீங்கள் சிரிப்பதைப் பார்க்கிறேன். வேலை பரவாயில்லை, சாப்பாடு பரவாயில்லை, ஓவர்டைம் கொஞ்சம்தான் என்கிறீர்கள். நானும் நம்பி, அதன்மேல் கொஞ்சம் கூட்டியும் வைத்திருந்தேன். மீதி நாள் பூராவும் எப்படி என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வலது கையை ஏன் போனில் காட்டவில்லை? மைதீனிடம் கேட்டேன். அதை அத்தான் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பதில் எழுதுங்கள். மெதுவாக, உங்கள் சாதாரண வேகத்தில், எத்தனை நாள் ஆனாலும் சரி. வலது கையால் எழுத முடியவில்லை என்றால் இடது கையால், கோணல் எழுத்தானாலும், ஊருக்கு வருகிற தேதியை மட்டும் எழுதுங்கள். எனக்கு அது போதும்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும் என்று எழுதச் சொன்னார்கள் அத்தை. இந்தத் தடவை அதை நானும் சேர்ந்தே எழுதுகிறேன்.

உங்கள்,
டெபோரா