சிவப்பு இழை ஒன்றும் முறியவில்லை

என் கண்ணை விட்டு அகலாத என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆயிற்று. நல்ல சேதி ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்புதானே, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலை பார்த்த பட்டணத்து வைத்தியக் கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. கடைசியாக ஒரு மனுசச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களில் சிவப்புப் பசை ஏற்றி வைத்தீர்களாமே. சதையெல்லாம் ஆசிட்டில் கரைந்துவிட்டது, குழாய் வடிவில் இறுகி நிற்கும் பசையை மட்டும் கழுவி எடுக்க வேண்டும். வேறு யார் கை வைத்தாலும் இழை முறிந்துவிடுமாம். வீட்டில் உங்களோடு கழுவிப் பழகினவள் என்று என்னை வரச் சொன்னார்கள்.

உங்கள் தம்பி குதித்தார். "புருசன் போயி ரெண்டு மாசம் ஆவல, பொணம் அறுக்கிற எடத்துக்கா போற அண்ணி?"

"உங்கண்ணன் சோறு போட்டதே அந்த எடந்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, செஞ்சியில் பஸ் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் சிரிப்புதான். அவலூர்பேட்டைச் சந்தையில் ஆட்டுக் கிட்னி வாங்கி வந்து வீட்டில் பழகுவீர்களே, பசை ஏற்றின ஒன்றைத் தெரியாமல் வறுத்து வைத்தேனே! "இன்னாடி, பல்லுல கம்பி மாட்டுது?" என்றீர்கள்.

அங்கே போய், நம் வீட்டில் செய்தது போலவே புடவைத் துணியைத் திரியாகக் கிழித்துப் பானையிலிருந்து தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் இறங்கியது. சாயங்காலத்துக்குள் சிறுநீரகம் ஒரு சிவப்புச் செடியாக நின்றது. அதிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாய் கரைந்துபோய், அதைச் சுற்றின மயிரிழை வலை மட்டும் நின்றது.

அங்கே பாடம் சொல்லும் டாக்டர், படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்தக் குழாயோட மேல்பாதிக்கு ரத்தம் உள்பக்கத்திலேர்ந்து வருது. கீழே இறங்கினா வெளிப்பக்கத்திலேர்ந்து. இது தெரியாம கத்தி வெச்சா குழாய் செத்துடும்." பிறகு என்னிடம், "துணித்திரி என் சம்சாரம் சொன்ன வழின்னு அவர் எப்பவும் சொல்லுவாரும்மா" என்றார்.

என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே. ஏன்?

கண்ணாடிப் பெட்டியில் ஒட்டும் சீட்டுக்கு உங்கள் முழுப் பெயர் கேட்டார்கள். அதை நான் எப்படி வாயால் சொல்வேன்? பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி நானே எழுதினேன். என் எழுத்தில்தான் ஒட்டியிருக்கிறது.

கழுவுகிற வேலை இருக்கும்போதெல்லாம் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போவேன். ஒரு இழையும் முறியாமல் பார்த்துக்கொள்வேன்.

திரி கிழித்துக் கொடுத்த உங்கள் சம்சாரம்,
அஞ்சலை