நிழலில் நின்று எடுத்த கணக்கு

மார்ச் 3, திங்கள்

மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம் என்று வைத்துக்கொள்கிறேன். தெரு அளவுகளை எழுத அலுவலகம் கொடுத்தது இது. முன்பக்கம் அவர்களுக்கு, பின்பக்கம் எனக்கு. வாய் திறந்து பேச வராதவள் எங்கேயாவது கொட்டித்தானே ஆகணும்.

நகரத் திட்ட அலுவலகத்தில் தற்காலிகக் கள உதவியாளராக இது ஐந்தாவது மாதம். இன்று பதினோரு தெருக்களைச் சைக்கிளில் போய் அளந்தேன். நிழல் மரங்கள், சைக்கிள் பாதை, எந்த வீட்டிலிருந்து மிதித்தாலும் கால் மணி நேரத்தில் பள்ளிக்கூடம், சந்தை — அதுதான் திட்டம். படத்தில் இல்லாத மேடு முழங்காலுக்குத் தெரிகிறது. மூடி உடைந்த சாக்கடை, எதிர்க்காற்று அடிக்கும் முனை, நாய் துரத்தும் வீடு, எல்லாம் எழுதினேன். நாயையும்.

என் தாள்களைப் புரட்டிய எங்கள் பிரிவு அதிகாரி மேடம் "சுத்தமா இருக்கு" என்றார். வீடு வரும்வரை அதையே மென்றுகொண்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "எங்க பொண்ணு ரோடு போடுற ஆபீசரு." நான் ரோடு போடவில்லை, எண்ணுகிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அந்தச் சந்தோஷத்தைத் திருத்த மனம் வரவில்லை.

மாதக் கடைசியில், வேலை நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் மேலே போகிறது. அதில் நான் உண்டா என்று மேடமிடம் கேட்கணும். கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

திட்டப் படம் தயார். அதை வரைந்தவரை எல்லோரும் 'ரப்பர்' என்பார்கள். வரைவதைவிட அழிப்பது அதிகம். கூப்பிட்டுக் காட்டினார். ரயில் பாதைக்கு அடியில் போகும் தாழ்வான சந்துப் பாதையை மூடுகிறார்கள். அந்த இடத்தில் சின்னப் பூங்கா. நடப்பவர்களுக்குப் படி வைத்த மேம்பாலம். சைக்கிள்காரர்கள் லாரி ரோடு வழியாகச் சுற்றிப் போகணும், இரண்டரை கிலோமீட்டர்.

"அங்க சைக்கிளே கிடையாதும்மா. காலையில ரெண்டு மணி நேரத்துல வெறும் நாலு. நீ எடுத்த கணக்குதான்."

நாலா?

என் கையெழுத்துதான். சைக்கிள் 4. நடப்பவர் 312.

அம்மாவே தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். சைக்கிளில்.

மார்ச் 12, புதன்

காலை ஆறரைக்கே போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

கூரை தாழ்வு. சந்தின் வாய்க்கு வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். குனிந்து, தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கம் ஏறிக்கொள்கிறார்கள். படிவத்தில் இருப்பது இரண்டே கட்டம் — 'ஓட்டிச் செல்பவர்', 'நடந்து செல்பவர்'. தள்ளிக்கொண்டு போகிறவரை நடப்பவராக எழுதச் சொல்லித்தான் பயிற்சி. கணக்கெடுக்க நிற்கச் சொன்ன இடம் நாற்பதடி தள்ளி, பஞ்சர் கடை முன்னால். அங்கே நின்றிருந்தால் எல்லோரும் மிதித்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பேன். ஆனால் அங்கே சுள்ளென்று வெயில். நான் சந்தின் வாயில் போய் நின்றுகொண்டேன்.

அவ்வளவுதான். நிழலில் நின்றேன்.

கணக்கெடுத்த அன்று அம்மாவும் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேலை நேரமாச்சே என்று நான் சிரிக்கவில்லை. 'நடந்து செல்பவர்' கட்டத்தில் அம்மாவுக்கு ஒரு கோடு போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ரப்பரிடம் மட்டும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாயை மூடிக்கிட்டு இரு. பட்டியல் போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"இருபத்தொண்ணாம் தேதி நகர மன்றத்துல ஒப்புதல் ஆயிடுமே சார்?"

"ஆயிடும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மன்றத் தலைவர் கையெழுத்தை மட்டும் என்னால அழிக்க முடியாது."

மார்ச் 16, ஞாயிறு

சந்துப் பாதையை மூடப்போவதை அம்மாவிடம் சொன்னேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"லாரி ரோட்டுல எப்படிடி போறது? போன மாசம்தான் துணி மடிக்கிற அக்காவை லாரிக்காரன் இடிச்சுத் தள்ளிட்டுப் போனான். சைக்கிளே இல்லேன்னு எண்ணினவங்க கண்ணை எங்க வச்சிருந்தாங்களாம்?"

"நான்தாம்மா எண்ணினேன்."

எல்லாம் சொன்னேன், நிழல் உட்பட. அம்மா ஈரத் துணியை உதறினாள். "வெயில்ல நிக்காதே, கறுத்துப்போவேன்னு நான்தானே சொல்லி அனுப்பினேன்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இப்போ என்ன செய்ய? சொன்னா வேலை போகுமா? சொல்லலேன்னா அம்மா லாரிக்கு நடுவுல போவா. இதுல யோசிக்க என்ன இருக்கு — ஆனா யோசிக்கிறேனே.

மார்ச் 17, திங்கள்

மேடம் அறைக்கு மூன்று முறை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே "உள்ள வா, இல்லேன்னா கதவை விட்டுத் தள்ளி நில்லு" என்றார்.

சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை மேடம்."

"புதன்கிழமை தெரிஞ்சு திங்கள்கிழமை சொல்றே. பூங்கா படத்தைத் தலைவர் ஊரெல்லாம் காட்டியாச்சு. நிரந்தரப் பட்டியல் இதோ என் மேஜை மேலதான் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"மூணு காலை மறுபடி எண்ணு. சரியான இடத்துல நின்னு. படம் வரையறவரும் கூட வரட்டும்."

மார்ச் 18, செவ்வாய்

பஞ்சர் கடை முன்னால். ஓட்டிச் சென்றவர் 241. ரப்பர் குடையோடு வந்தார். "எனக்கு நிழல் வேணும், உன் கணக்கு மாதிரி ஆகவும் கூடாது" என்று குடையைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டார். ஆறு நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

மார்ச் 20, வியாழன்

நேற்று 236. இன்று 248. நாளைக் கூட்டத்தில் நான்தான் சொல்லணுமாம்.

மார்ச் 21, வெள்ளி

தலைவர் இரண்டு தாளையும் தூக்கிக் காட்டினார். "முதல்ல நாலு. இப்போ இருநூத்துச் சொச்சம். அடுத்த வாரம் ரெண்டாயிரமா?" மன்றமே சிரித்தது. மேடம் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"நான் தப்பான இடத்துல நின்னேன் ஐயா. வெயில் தாங்கலேன்னு நிழல்ல நின்னேன். அங்க எல்லாரும் இறங்கித்தான் போவாங்க. சந்துல சைக்கிள் இல்லேன்னு இல்லை. ஓட்ட உயரம் இல்லை."

சிரிப்பு நின்றது. ஒப்புதல் தள்ளிவைக்கப்பட்டது. சந்துப் பாதையை மூடாமல் வேறு வழி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

பூங்கா அழிந்துவிட்டது. சந்தின் தரையை இரண்டரை அடி தாழ்த்தி, இரு பக்கமும் சரிவு போட்டுப் புதிதாக வரைந்திருக்கிறார் ரப்பர். இறங்காமலே போகலாம்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். எதிரில் பட்டியல். என் பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"தப்புக் கணக்குன்னு ஃபைல்ல ஏறிடுச்சு. உன் பேரை இந்தத் தடவை விட்டுடலாம்னு மேலே சொல்றாங்க. நான் இன்னும் கையெழுத்துப் போடலை. நீ ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லை மேடம்."

கதவு வரைக்கும் வந்துவிட்டேன். கைப்பிடியில் கை வைத்தாயிற்று. திரும்பினேன்.

"மேடம், எனக்கு இந்த வேலை வேணும். என் பேரை எடுக்காம அனுப்புங்க."