மீன்கொத்திக்குக் கீழே ஒரு சொல்

பிப்ரவரி 9

எழுத்து வகுப்புக்குப் போகும் வழியில் ஓட்டுநர் பள்ளியின் பலகையை இன்று நிற்காமலே வாசித்துவிட்டேன். போன மாதம் அதன் முன்னால் வெகுநேரம் நின்றபோது, "இந்த வயசுல கார் ஓட்டப் போறீங்களா ஐயா?" என்று கேட்டார்கள். பலகையின் கடைசிச் சொல் ரயில் நீளம். அங்கீகரிக்கப்பட்டது. நம்பி வரலாம் என்று பொருளாம். எழுதிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சொற்களில் இதுதான் பெரியது.

பிப்ரவரி 12

மகள் எனக்கு வேலை கொண்டுவந்திருக்கிறாள்! அவள் கணினிக்கு நிரல் எழுதுகிறவள். அதற்கென்று ஒரு மொழி; அதன் சின்னம் மீன்கொத்தி. யாரும் பேசாத மொழியாம், எழுத மட்டும்தானாம். நான் இத்தனை வருடம் பேச மட்டும் செய்தேன். அடுத்த மாதம் அவளும் நண்பர்களும் நடத்தும் கூட்டத்தில் விற்க, துணிப்பைகளில் அந்தப் பறவையை அச்சடிக்க வேண்டும். என் பழைய அச்சுச் சட்டங்கள் பின்னறையில்தான் இருக்கின்றன.

"பறவை அடுத்தவங்களோடதாச்சே?" என்றேன்.

"படத்தை யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு வரைஞ்சவங்களே குடுத்துட்டாங்கப்பா. ஆனா அது அந்த மொழியோட அடையாளம். அதைக் காட்டி, நாம அவங்க ஆளுன்னு யாரும் நினைக்கிற மாதிரி செய்யக் கூடாது. விக்கிறதுக்கு முன்னாடி அந்தச் சின்னத்தைப் பார்த்துக்கிறவங்களுக்கு ஒரு மாதிரிப் பைய அனுப்பி அனுமதி வாங்கணும்."

புரிந்தது. தம்பி கொடுத்த சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். நான்தான் தம்பி என்று சொல்லி அவன் சம்பளத்தை வாங்கக் கூடாது.

பிப்ரவரி 15

அலகில் ஒரு சின்ன மீன் வைத்தால் அழகாக இருக்கும். பறவையை மாற்றவே கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பாவம், பட்டினி கிடக்கட்டும்.

பிப்ரவரி 16

மகள் வெளியூர் போயிருக்கிறாள். எல்லாப் பைகளையும் அடித்துக் காயப் போட்டுவிட்டேன். நீலம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. மீன் வைக்கவில்லை. ஆனால் பறவைக்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு சொல் சேர்த்திருக்கிறேன். எந்தச் சொல் என்று சொல்லவும் வேண்டுமா? வந்து அசந்து போகட்டும்.

பிப்ரவரி 17

பார்த்தாள்.

மாலை

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு மைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, வேற எதை வேணா எழுதியிருக்கலாமே. இந்த ஒண்ணைத்தானே போடக் கூடாது. அவங்க நம்மள அங்கீகரிக்கவே இல்லையே."

இதை அனுப்பினால் அனுமதி கிடைக்காது. அனுப்பாமல் விற்றால் ஏமாற்று. கூட்டத்துக்குப் பை தயார் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தவள் அவள்தான். மறுபடி அடிக்கத் துணியும் இல்லை.

"படிக்கத் தெரியாத வரைக்கும் மனுஷன் ஒழுங்கா இருந்தார்" என்றாள் என் மனைவி.

என்ன செஞ்சு வெச்சுட்டேன் நான்? நல்ல சொல்லுன்னுதானே போட்டேன். துணியில ஏறின மை இறங்காது, எனக்குத் தெரியாதா —

பிப்ரவரி 18

தொங்கும் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் அதேதான். சொல்லுக்குக் கீழே இரண்டு விரல் இடம் சும்மா கிடந்தது. அதற்குள் அடங்குகிற ஒரு சொல் எனக்குத் தெரியும். மூன்றே எழுத்து. பழைய துணியில் எழுதி மகளிடம் காட்டினேன்.

அங்கீகரிக்கப்பட்டது
அல்ல

என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "இந்த மாதிரி ஒரு வரி போட்டா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்கப்பா. எல்லாரும் ஓரத்துல சின்னதாப் போடுவாங்க."

"இவர் எதைச் சின்னதாச் செஞ்சார்?" என்றாள் மனைவி.

பிப்ரவரி 22

சின்னத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்து பதில். மகள் வாசிக்கப் போனாள், தள்ளு என்றேன். "பறவை அப்படியே இருக்கிறது. கீழே உள்ளது உண்மை. விற்கலாம்." பக்கத்தில் அவள் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொல்லை வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன்.

மார்ச் 3

கூட்டம் முடிந்தது. எனக்கென்று எடுத்து வைத்த ஒன்றைத் தவிர பைகள் காலி. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, "ஒரே ஒரு 'அல்ல' போட்டு எல்லாத்தையும் திருப்பிட்டீங்களே! நிரல்ல நாங்க தினமும் இதைத்தான் செய்றோம் ஐயா" என்றாள்.

"அப்போ நானும் உங்க மொழியில எழுதிட்டேனா?"

மகள்தான் முதலில் கை தட்டினாள்.

மார்ச் 6

அந்தப் பையோடு காய் வாங்கப் போனேன். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு, பையை விரித்து உரக்க வாசித்தார். "யாருங்க உங்கள அங்கீகரிக்கல?"

நான் எழுதியதை இன்னொருவர் வாய்விட்டு வாசித்து இதுவரை கேட்டதில்லை. காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.