ஒதுக்கி ஒட்டிய நாலு

பிப்ரவரி 9, ஞாயிறு

காருக்குப் புது நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு வந்தான் மகன் ஆசிஃப். வண்டி வாங்கும்போதே என் வீட்டுக்காரருக்கு பிஸ்மில்லாஹ் நம்பரான 786 வேண்டும் என்று ஆசை. புரோக்கர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். வேறு யாரோ அதை எடுத்துவிட்டார்களாம். யாரோவாம்! நம்மிடம் ஒரு பேச்சு, அங்கே ஒரு பேச்சு பேசியிருப்பார் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இவர் கேட்டால்தானே. கிடைத்தது 4786.

அந்த நாலு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கடையில் சொல்லி அதைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளக் கூடாதா என்று பையனிடம் கேட்டவள் நான்தான். தள்ளிவிட்டார்கள். நாலை நகத்தளவுக்குச் சுருக்கி முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிவிட்டு, நடுவில் நல்ல இடைவெளி விட்டு, 786ஐ மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. முன்பு இருந்த அரசாங்க பிளேட்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று.

வாட்ச்மேன் வேலு மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இப்டிலாம் போட்டா புடிப்பாங்கக்கா" என்றான். வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆசிஃப் வந்த கொஞ்ச நேரத்தில், கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு எங்கள் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையில் தொப்பி, தாடி நரைத்திருக்கிறது. பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் பால்கனியிலிருந்து குரல் கொடுத்ததும் கிளம்பிவிட்டார்.

தொப்பி போட்டவரெல்லாம் நல்லவரா? ராஜா அண்ணாமலைபுரத்தில் போன மாதம் மட்டும் எத்தனை வண்டி காணாமல் போனது என்று கேட்டால் தெரியும்.

பிப்ரவரி 18

மறுபடியும் வந்தார் அதே ஆள். வேலுவை அனுப்பினேன். வேலு விசாரித்த லட்சணம் இப்படி: 'நம்பர் நல்லா இருக்கு, அதான் பாத்தேன்' என்றாராம், இவனும் நம்பிவிட்டானாம். நம்பர் பார்க்க ஒருவர் இரண்டாம் தடவை வருவாரா?

இவரிடம் சொன்னேன். "நீ பால்காரரையும் சந்தேகப்படுவே, லிஃப்டையும் சந்தேகப்படுவே" என்றார். லிஃப்ட் அதற்கப்புறம் இரண்டு தடவை நின்றதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 26

ஒரு விஷயம் புரியவில்லை. முன்பெல்லாம் சிக்னல் தாண்டினான், வேகமாகப் போனான் என்று இவர் போனுக்கு மாதம் தவறாமல் ஃபைன் மெசேஜ் வரும். இந்த மாதம் ஒன்றுகூட இல்லை. ஆசிஃப் திருந்திவிட்டானா? அவன் ஓட்டும் வண்டியில் நான் அடையாறு வரை போனேனே, நேற்றுகூட. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்டால் சிரிக்கிறான். நம்பருடைய பரக்கத்தாம், அருளாம்.

மார்ச் 2

முதல் நோன்பு. பெருநாள் முடிந்ததும் ஆசிஃபுக்கு தோஹாவில் வேலை. விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஆசிஃப் வரவில்லை. பாங்கு சொல்லி முடித்த பிறகு வந்தான். கிண்டி ஆபீசிலிருந்து கிளம்பவே லேட் என்றான். தண்ணீரை அப்படியே மடக்கென்று குடித்தான், துஆ ஓதவில்லை. கஞ்சியைத் தொடவில்லை. டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். பசியில் என்றான்.

பசித்தவன் சாப்பிடுவான் இல்லையா?

மார்ச் 7

வீட்டு வேலை செய்யும் பாஞ்சாலி இன்றைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வேறு வீடு பார்த்துவிட்டாளோ?

மார்ச் 10, திங்கள்

பாஞ்சாலி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் கேட்க வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

அவள் பெண் மணிமொழியை மந்தைவெளி பஸ் ஸ்டாப் பக்கத்தில் கார் இடித்துவிட்டதாம். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து, அம்மாவோடு சேர்ந்து பெரும்பாக்கம் பஸ் பிடிக்க வந்தவள். கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குத் துணையாக நாத்தனாரை விட்டுவிட்டு இவள் வேலைக்கு வந்திருக்கிறாள், இல்லையென்றால் இரண்டு சம்பளமும் போய்விடும். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை மணிமொழிக்கு. இனி எப்படி நிற்பாள்?

வியாழக்கிழமை, நோன்பு திறக்கும் நேரம்.

"வெள்ளக் காருமா. இட்ச்சிட்டு போய்க்கினே கீறான். பொட்டிக்கட அண்ணன் நம்பர பாத்துக்கீறாரு, எழுநூத்தி எம்பத்தாறு. ஆளயும் புட்ச்சிட்டாங்க. ராயப்பேட்டையில ஒரு வயசான பாய். நான் இல்ல, வண்டி வூட்லதான் இருந்துச்சுன்னு அழுவுறாராம். வயசான காலத்துல இன்னா பொய்யி பாரு."

இதையெல்லாம் இவள் ஏன் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்? ஆழம் பார்க்கிறாளா? நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அடுப்பு எரியவே இல்லை.

மார்ச் 11

கீழே போனேன். காருக்கு உறை போட்டிருக்கிறது. வாங்கின நாள் முதல் உறை போட்டதில்லை. தூக்கிப் பார்த்தேன். இடது பக்க விளக்கு மட்டும் பளபளவென்று புதிது, மற்றது பழையது.

கேட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். 786. படிக்கட்டிலிருந்து பார்த்தேன். 786. குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் நாலு தெரிகிறது. ரோட்டில் ஓடும் காரை யார் குனிந்து பார்ப்பார்கள்?

பிப்ரவரி முழுக்க எங்களுக்கு வராத மெசேஜ் எல்லாம் எங்கே போனது என்று இப்போது தெரிகிறது. டிவிஎஸ்ஸில் வந்து நின்றது யார் என்றும் தெரிகிறது.

மார்ச் 12

பாஞ்சாலி உள்ளே வரும்போதும் போகும்போதும் காரையே பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வருகிறாள். பின் எதற்குப் பேசாமல் இருக்கிறாள்?

மார்ச் 13

இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்த ஆசிஃபை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். மந்தைவெளி என்று மட்டும் சொன்னேன்.

"பிரேக் போட்டேம்மா. கண்ணாடியில பாத்தேன். எழுந்து உக்காந்துட்டா. சரி, ஒண்ணும் ஆகலன்னு நெனச்சேன். கூட்டம் ஓடி வந்துச்சு, பயந்துட்டேன்."

"அது மணிமொழிடா" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாஞ்சாலி வேலை செய்து முடிக்கும்வரை பள்ளிக்கூடம் படித்த நாளில் எங்கள் ஹாலில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிய அந்தச் சின்னப் பெண். இவன்தான் கணக்குச் சொல்லிக் கொடுப்பான்.

இவருக்கு முன்பே தெரியுமாம், பையனே சொன்னான். விளக்கு மாற்றிக் கொடுத்தது இவர்தான். நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே — பக்கத்தில் படுத்திருந்தவரை?

மார்ச் 14, வெள்ளி

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசல் மணி அடித்தது. அந்தப் பெரியவர். பெயர் வலியுல்லா. செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசலுக்குள் வராமல் நின்றே பேசினார்.

எங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த 786 அவருடைய காருக்கு, அதுவும் வெள்ளைக் கார். துபாயில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது. போகாத இடத்துக்கெல்லாம் ஃபைன் வந்துகொண்டே இருந்ததாம். ஒரு ஜும்ஆவில் பள்ளிவாசல் வெளியே எங்கள் காரைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே வந்திருக்கிறார். எடுத்த படத்தைக் காட்டினார். பாவம், அந்தப் படத்திலும் 786தான் தெரிகிறது. ஸ்டேஷனில் காட்டினால், இது உங்கள் நம்பர்தானே என்கிறார்களாம். விசாரித்துவிட்டு இவரை மட்டும் அனுப்பிவிட்டார்கள், கார் அங்கே நிற்கிறது. மனைவி ஹாஜிரா பீக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், இப்போது ஆட்டோவில் போகிறார்கள்.

"உங்க அட்ரஸ் நான் இன்னும் அங்க சொல்லலம்மா. நெஜம் தெரியாம ஒரு வீட்டு மேல பழி போட பயமா இருக்கு. அதுவும் நோன்பு மாசம். கிட்ட போய் ஒரு தடவ பிளேட்ட பாத்துக்கட்டுமா? என் சந்தேகம் தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க."

என் பின்னாலிருந்து இவர் சொன்னார், கார் சர்வீசுக்குப் போயிருக்கிறதென்று. கீழே உறைக்குள் நிற்கும் காரைத் தாண்டித்தான் அந்த மனிதர் மாடியேறி வந்திருக்கிறார். அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து அவருடைய செருப்பைப் பார்த்தேன்.

"சரிம்மா" என்றார். வேலுவிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

பாங்கு சொன்னபோது பால்கனியிலிருந்து பார்த்தேன். வேலுவின் நாற்காலியில் உட்கார்ந்து, வேலுவின் பாட்டில் தண்ணீரில் நோன்பு திறந்துகொண்டிருந்தார். என் வீட்டில் மேசை நிறையப் பேரீச்சம்பழமும் சமோசாவும் கஞ்சியும். ஒரு நோன்பாளியை வாசலிலிருந்து வெறும் வாயோடு அனுப்பிவிட்டேன். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 15

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் இவர் பரணில் ஏறிப் பழைய பிளேட்டை எடுத்தார். அரசாங்கம் கொடுத்தது, எல்லா எண்ணும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அதை மாட்டிவிட்டால் எங்கள் கார் யோக்கியமான கார். அப்புறம் யார் வந்து குனிந்து பார்த்தாலும் நாலு தெளிவாகத் தெரியும், 786க்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. சட்டப்படி நடந்துகொள்ள இவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

கழற்றிய பிளேட்டுகளை மடக்கி என் கையில் கொடுத்தார். "மீன் கழிவோட கட்டிப் போட்டுடு. தோஹா போற பையன். ஒரு கேஸ் வந்தா எல்லாம் போச்சு. அந்தப் பொண்ணுக்கு வேணும்னா பின்னாடி ஏதாவது செய்யலாம்."

மீன் கழிவைத் தனியாகக் கட்டிப் போட்டேன். பிளேட்டுகளை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். அரிசியைத் தள்ளிப் புதைக்கும்போது பாஞ்சாலி பின்னால் நின்று பாத்திரத்துக்குச் சாம்பல்தூள் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 19

ஆசிஃபிடம் சொல்லிவிட்டேன். நீயே ஸ்டேஷனுக்கு வந்தால் நான் துணைக்கு வருகிறேன், வராவிட்டால் நான் மட்டும் போவேன். பெற்றவள் பேசுகிற பேச்சா என்று இவர் கத்தினார். கத்தட்டும். பையன் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான்.

மார்ச் 20

நான் பர்தாவைப் போட்டுக்கொண்டு, பிளேட்டுகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வேலுவிடம் நம்பர் வாங்கி வலியுல்லா பாய்க்குப் போன் செய்தேன். ஆட்டோ வந்தது. உட்கார்ந்தேன். மறுபக்கம் ஒருவன் ஏறி உட்கார்ந்தான். ஆசிஃப். ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

மார்ச் 31, பெருநாள்

ஆசிஃப் ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். லைசென்ஸ் அவர்களிடம் இருக்கிறது. தோஹா போய்விட்டது. தொழுதுவிட்டு வந்து எனக்கு ஸலாம் சொன்னான். இவர் இன்னும் என்னிடம் பேசவில்லை. பாஞ்சாலி வேலைக்கு வருவதில்லை. வலியுல்லா பாய்க்குக் கார் திரும்பக் கிடைத்துவிட்டது. ஹாஜிரா பீ ஷீர் குருமா பாயசம் கொடுத்தனுப்பியிருக்கிறார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவது? சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6

பெரும்பாக்கம் போனேன், நானும் ஆசிஃபும். மணிமொழி காலை நீட்டி ஸ்டூலில் வைத்திருந்தாள். ஆசிஃபைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வாசலிலேயே நின்றான். வைத்தியச் செலவு முழுக்க எங்களுடையது என்று சொன்னேன். பாஞ்சாலி தலையாட்டினாள். அந்தக் காரை ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்று கேட்டேன்.

"செருப்ப அங்கதான வுடுவேன். போன தபா நாயி தூக்கினு பூடுச்சு."

பிறகு அவள் கேட்டாள். "நீ எப்பமா தெரிஞ்சிக்கின?"

நீ சொன்னதற்கு மறுநாள் என்றேன். பொய் சொல்ல எனக்கு இனிமேல் தெம்பில்லை.

பாஞ்சாலி மகளின் போர்வையைச் சரிசெய்தாள். "அப்பாலயும் நான் வந்துக்கினுதான இருந்தேன். உன் வூட்டு ஏனத்தல்லாம் தேய்ச்சிக்கினுதான இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 19

மாலையில் இவர் போனுக்கு ஃபைன் மெசேஜ் வந்தது. ஆழ்வார்பேட்டை சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றாராம். இத்தனை நாள் கழித்து என்னிடம் முதல் வார்த்தை பேசினார், இது நம் வண்டிதானா பார் என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு, ஏழு, எட்டு, ஆறு. எல்லாம் ஒரே அளவில் வரிசையாக நின்றன.

"நம்ம வண்டிதான், கட்டிடுங்க" என்றேன். எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனேன்.