பெட்டி இறங்காத அறை

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தானே முடியும், பார்க்கவா முடிகிறது?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். வீட்டில் போனை எடுத்தால் உங்கம்மா என் தோளில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கடையில் எடுத்தால் லோடுமேன் வேலையை விட்டுவிட்டு என் வாயைப் பார்க்கிறான். யார் காதிலும் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிறகு சொல்கிறேன். முதலில் உன் வேலை.

போன வாரம் கடைக்குப் போன் செய்து அழுதாயே, அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அட்டைப்பெட்டி விற்கிறவனுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பென்றால் சொல். கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதில் திரைக்குப் படம் காட்டுகிற பகுதி உன் பொறுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் மெமரியில் கொஞ்சம் இடம் எடுக்கிறார்கள். படம் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எவனோ கொடுக்க மறந்திருக்கிறான். இடம் அடைபட்டுக்கொண்டே போய்க் கம்ப்யூட்டர் மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது. இதுவரை தெளிவு. என் குடோனும் அந்தக் கதியில்தான் இருக்கிறது.

நீ திருத்தினாய். புரோகிராம் தனக்குப் போதும் என்று சொன்ன கையோடு இடத்தைக் காலி செய்யவைத்தாய். நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் படத்தைத் திரைக்கு அனுப்புகிற சிப் அந்த இடத்தை இன்னும் படித்துக்கொண்டிருந்ததாம். அதற்குள் வேறு சரக்கு அங்கே வந்து இறங்கிவிட்டது. எத்தனையோ பேர் திரையில் குப்பை குப்பையாக வந்ததாம். உங்கள் வேலையைச் சரிபார்த்துச் சேர்க்கிற பெரியவர், அந்த மீசைக்காரர், உன் திருத்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேட்காமல் காலி செய்வதற்குத் திருத்தம் என்று பெயரா என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினாராம். என் கடையில் யாராவது தப்பு செய்தால் நான் உள்ளே கூப்பிட்டுத்தான் கத்துவேன். பெரிய மனுஷருக்கு அதுகூடத் தெரியவில்லை.

பிடித்து வைத்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு என்றால் மனுஷன் என்னதான் செய்வது? கேட்டதற்கு, "விடறதுக்கு முன்னாடி சிப்பை ஒரு தடவை கேக்கணும்ப்பா. முடிஞ்சுதுன்னு அதுவே சொல்றவரைக்கும் காத்திருக்கணும். அவசரத்துல கோட்டை விட்டுட்டேன்" என்றாய். போனில் உம் கொட்டிவைத்தேன். புரிந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

அழுகை அடங்கினதும், பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். வேலை பார்க்கிற ஊரிலேயே வீடு வாங்கப் போகிறாயாம். "என் ரூம் சும்மாதானப்பா கிடக்கு, குடோனா வச்சுக்குங்க. அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றாய்.

மறைப்பானேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, இடம் கிடைத்ததே என்று. மறுநாள் மத்தியானமே வண்டி நிறையப் பெட்டியோடு லோடுமேனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கம்மாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. உன் அறைக் கதவைத் தள்ளினால் உள்ளே ஃபேன் ஓடுகிறது. உன் கட்டிலில் உங்கம்மா தூங்குகிறாள். உன் மேஜைமேல் அவளுடைய கண்ணாடி, மாத்திரை, சீப்பு. என்றோ ஒருநாள் வந்து படுத்த மாதிரி இல்லை, குடியிருக்கிற மாதிரி இருந்தது. பகலெல்லாம் கடையில் கிடக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

விழித்துக்கொண்டவள், "இங்க காத்து நல்லா வருதுங்க, அதான்" என்றாள். உன் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். கொசுகூட உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். ஆமாம், நல்ல காற்று என்று நானும் சொல்லிவைத்தேன்.

பின்னாலேயே லோடுமேன் தலையில் பெட்டியோடு, "அண்ணாச்சி, எங்க இறக்கட்டும், கழுத்து போகுது" என்கிறான். ஹாலில் இறக்கச் சொன்னேன். இப்போது ஹால் பூராவும் பெட்டி. டிவியில் செய்தி வாசிக்கிறவரின் நெற்றி மட்டும் தெரிகிறது. குடோன் ஒழுகுகிறது என்று உங்கம்மாவிடம் புளுகினேன். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பிள்ளை எப்ப வருதாம்?" என்று மட்டும் கேட்டாள். விலை கேட்டால் கண் சிமிட்டாமல் சொல்லுகிற நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.

வீடு வாங்கு. வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. தண்ணீர் ஒழுங்காக வருமா, வெளிச்சம் இருக்கிறதா பார்த்து வாங்கு. ஆனால் இந்த அறையை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை. போதும் என்று நீ சொல்லிவிட்டாய். நீ சொன்னால் ஆயிற்றா?

பக்குவமாகச் சொல்கிற வேலையை என் தலையில் கட்டாதே, மகளே. சிப்பைக் கேட்கப் போகிறாயே, உங்கம்மாவையும் நீயே ஒரு தடவை கேள். மத்தியானமாகப் பார்த்துக் கூப்பிடு, அப்போது உன் அறையில்தான் இருப்பாள். போதும் என்று அவள் வாயால் சொல்கிறவரை அங்கே ஒரு பெட்டியும் இறங்காது. நெற்றியை மட்டும் பார்த்தே நான் செய்தி கேட்டுக்கொள்கிறேன்.

மீசைக்காரர் இந்த முறை ஒப்புக்கொள்வார். தலை நிமிர்ந்து, நன்றாக இரு.

ஹாலில், பெட்டிகளுக்கு நடுவே,
உன் அப்பா