கேசரியில் போட்ட பிளம்ஸ்

பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி எரியும்போது அதன் மூடி மெல்லக் கருகி ஒரு மணம் வருமே, அது இப்போது வீடு முழுக்க நிற்கிறது. பாதி இனிப்பு, பாதி அடிப்பிடித்த கறி. இருபத்தாறு வருடம் ஹோட்டல் குசினியில் நின்ற எனக்கு அடிப்பிடித்த மணம் ஆகாது. இதை மட்டும் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று நீர் பகிடி பண்ணுவீர். நீர் தாலியோடு கண்மூடி இரண்டு வருடமாகிறது. இன்றுதான் எங்கள் யன்னலில் மறுபடி ஒரு பூசணிக்காய் எரிகிறது. அது எப்படி வந்தது என்று உமக்குச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற ஐப்பசியில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. பேய் வேடம் போட்ட மூன்று பிள்ளைகள் வந்து மணி அடித்தார்கள். வீட்டில் இனிப்பு ஒன்றுமில்லை; நீர் முறுக்கைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தனுப்பினீர். மறுநாளே எதிர்வீட்டு மார்கிரித்திடம் போய், கையாலும் கண்ணாலும் விசாரித்து, ஐப்பசிக் கடைசியில் பிள்ளைகள் பேய் வேடத்தில் இனிப்புக் கேட்டு வரும் இந்த ஹலோவீன் என்னவென்று அறிந்து வந்தீர். மார்கிரித் பிள்ளைகள் பிரிந்துபோய்த் தனியே இருந்த மனுஷி, அப்போதே எழுபதை நெருங்கியிருந்தார். உமக்கு ஜெர்மன் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனாலும் எங்கள் குசினி மேசையில் இருவரும் மணிக்கணக்காக இருந்து சிரிப்பீர்கள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதன்பிறகு வருடாவருடம் எங்கள் வீட்டில்தான் கொண்டாட்டம். மேல்மாடிக் குடும்பம் வரும், மார்கிரித் வருவார். ஒரு காது மடிந்த பென்னோவை நாய்க் காப்பகத்திலிருந்து நாங்கள் கூட்டிவந்த பிறகு, அவனும் கழுத்தில் உமது பழைய சீலைத்துண்டு கட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். குடைந்து பேய்முகம் செதுக்கி விளக்கேற்றும் பூசணிக்காயில் முதல் வெட்டு என்னுடையது. "பொம்பிளையள் முழுப் பூசணிக்காயை வெட்டக்கூடாது, நீங்கள் ஒரு கீறு கீறித் தாங்கோ" என்பீர். மார்கிரித்தும் அதைப் பழகிக்கொண்டார். தன் வீட்டுச் சூப்புக்கு வாங்கிய காயைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து, கதவடியில் கத்தியோடு நிற்பார்.

2014ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு நான் கேசரி கிண்டினேன். சமையற்காரன் என்ற திமிர் எனக்கு. நெய்யையும் கஜு முந்திரியையும் தாராளமாக விட்டேன். பிளம்ஸை, இங்குள்ளவர்கள் ரொசீனன் என்கிற அந்த உலர்ந்த திராட்சையை, கைகொண்ட மட்டும் அள்ளிப் போட்டேன். மார்கிரித் மணியடிக்கும் பிள்ளைகளுக்கென்று சொக்கலேட் கொண்டுவந்து தாழ்ந்த மேசையில் வைத்தார். நீங்கள் எல்லோரும் வாசலில் பிள்ளைகளோடு நின்றபோது, நான் குசினிக்குள் நின்று தின்றேன். பென்னோ என் வாயையே பார்த்தான். "ஒருத்தர் பாத்துக்கொண்டிருக்கத் தின்னாதேங்கோ, வயித்துக்குத்து வரும்" என்று நீர் சொல்வது நினைவுக்கு வந்தது. ஒரு தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தேன். நக்கித் துடைத்துவிட்டு வாலை ஆட்டினான். இன்னும் கொஞ்சம் போட்டேன்.

மறுநாள் காலையில் அவன் வாந்தி எடுத்தான். அடுத்த நாள் எழும்பவேயில்லை. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கேயே உமது மடியில் அவன் உயிர் போனது. சொக்கலேட் தாள் ஒன்று கிழிந்து கிடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வேறு என்ன தின்றான் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை மட்டும் பார்த்து ஜெர்மனில் நாலைந்து வசனம் மெதுவாகச் சொன்னார். நீர் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தீர்.

"என்னவாம்? என்ன சொல்லுறார்?"

"சொக்கலேட்டாலதானாம்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், உமது பேச்சைக் கேட்டுத்தான் நாய்க்குக் கொடுத்தேன் என்று ஆகிவிடும், நீர் உம்மையே நொந்துகொள்வீர் என்றுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான். பென்னோவின் தலையை மடியில் வைத்திருந்த உமது முகத்துக்கு முன்னால், கொன்றவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று பின்னேரமே நீர் மார்கிரித்தின் கதவைத் தட்டினீர். நான் பின்னாலே வந்தேன், தடுக்கவில்லை. உமக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து, "பென்னோ கபுட். டைனே ஷோகி" என்றீர். பென்னோ முடிந்தான், உன் சொக்கலேட். அவருக்கு அதற்கு மேல் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதோடு எங்கள் வீட்டில் ஹலோவீன் நின்றுபோனது. படியில் கண்டால் நீர் கைப்பைக்குள் எதையோ தேடுவீர். அவர் சுவரோடு ஒதுங்கி உமக்கு வழி விடுவார். நடுவில் நான் இருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போவேன். வெட்கம் கெட்டவன்.

நீர் படுக்கையில் இருந்த கடைசி மாதத்தில் ஒருநாள் கேட்டீர்: "அந்த மனிசி வேணுமெண்டே செய்தது? நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது, என்ன?"

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம். "அதை விடும், நித்திரையைக் கொள்ளும்" என்றேன்.

"நான் இல்லாட்டியும் அவவைக் கூப்பிடுங்கோ. முதல் வெட்டு நீங்கள்தான் வெட்டிக் குடுக்கோணும்" என்றீர்.

இரண்டு வருடம் கூப்பிடவில்லை. இன்று மத்தியானம் எதிர்க்கதவைத் தட்டி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். மார்கிரித் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சப்பாத்துப் போடும் கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்படியென்றால் நான் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நான் இல்லையா?" திரும்பவும் அதையே கேட்டார். அந்த நாளுக்குப் பிறகு தன் பேரப்பிள்ளைகளுக்குக்கூட அவர் சொக்கலேட் வாங்கியதில்லையாம். எட்டு வருடம். என் பயத்தை அந்த மனுஷி தன் தலையில் சுமந்திருக்கிறார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். கதிரையை விட்டு எழும்பி, "என் பங்குக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவளுடைய பங்குக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார். கதவு சாத்தப்பட்டது.

பொழுது படும் நேரம் மணி அடித்தது. திறந்தால் ஆள் இல்லை. கால்மிதியில் ஒரு முழுப் பூசணிக்காயும், அதன் பக்கத்தில் அவருடைய குசினிக் கத்தியும் இருந்தன. முதல் வெட்டை நான் வெட்டினேன். மீதியை வெட்டப் பக்கத்தில் ஆளில்லாததால் அதையும் நானே வெட்டினேன். முகம் கோணலாகத்தான் வந்திருக்கிறது, நீர் பார்த்தால் சிரிப்பீர்.

அன்று வைத்தியர் சொன்னதை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை. உமக்குச் சொல்லாமல் விட்டதால்தானோ என்னவோ, எட்டு வருடமாக அது ஜெர்மனிலேயே எனக்குள் கிடக்கிறது. இப்போது மொழிபெயர்த்துச் சொல்கிறேன், கேளும்: "சொக்கலேட் அல்ல. உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்."